அத்திப்பள்ளி தாண்டிப் போனவன்

ஜூஜுவாடி,
வெள்ளிக்கிழமை.

சேலம் மாநகரத்து முனிவேல் அவர்கள் சமூகத்துக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது: கரியப்பன் மகன் திம்மப்பனுக்கு மீசை முளைத்துவிட்டது. தரிசனத்துக்குக் கட்டணம் இல்லை.

சிரித்தாயிற்றா? இனிச் சிரிக்க ஒன்றுமில்லை. கல்லூரிக்கு வந்து நம் இருவரையும் கூட்டுறவு இலாகாவுக்குப் பொறுக்கிய அதிகாரி, போலீஸ் விசாரணை முடிந்ததும் உத்தரவு வரும் என்றாரே, அந்த விசாரணை செவ்வாயன்று சைக்கிளில் எங்கள் ஊருக்கு வந்தது.

இங்கே மதுவிலக்கு. அரை மைல் நடந்தால் மைசூர் ராஜ்யம், அத்திப்பள்ளி, சாராயக் கடை. அதைச் சுமந்து வருகிறவர்களைத் தேடித்தான் போலீஸ் வரும். அதனால் காக்கியைக் கண்டால் ஊரே காக்காய்க் கூட்டமாய் ஒன்று சேர்ந்துவிடும். போலீஸ் யாரைப் பற்றிக் கேட்டாலும் ஒரே பதில்தான், கைக்குழந்தைக்கும் மனப்பாடம். கான்ஸ்டபிள் என் பெயரைச் சொன்னதும் டீக்கடை ராமப்பன் மாமா கண்ணிமைக்காமல் சொன்னார்: “அவன் அத்திப்பள்ளி தாண்டிப் போயி வருசமாச்சுங்க. இந்த ஊருக்கும் அவனுக்கும் ஒட்டில்லீங்க.” சரசம்மா அத்தை அதையே கன்னடத்தில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை சொன்னாள். கான்ஸ்டபிள் எழுதிக்கொண்டு போய்விட்டார். என்னைக் காப்பாற்றிய சந்தோஷத்தில் இருவரும் எங்கள் வீட்டில் மோர் குடித்தார்கள்.

நான் ராகிக் காட்டில் இருந்தேன். கடையில் மட்டும் இருந்திருந்தால், சைக்கிளை மறித்து, நான்தான் திம்மப்பன் என்று மார்தட்டியிருப்பேன்.

எனக்கு வேலை நிச்சயம் என்று நம்பி அப்பா குத்தகை நிலத்தை ஆண்டையிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தக் கான்ஸ்டபிள் எதற்கு வந்தார் என்று அவருக்கு இன்னும் தெரியாது. உத்தரவு என்றைக்கடா வரும் என்று தினமும் கேட்கிறார். சைக்கிள் மணி கேட்டாலே நான் கொல்லைப்பக்கம் போய்விடுகிறேன். ஓசூர் ஸ்டேஷன் வாசல்வரை போனேன், கால் உள்ளே போகவில்லை.

நீ பிரின்சிபாலைப் பார். அறிக்கை மேலே போவதற்குள் அவர் ஒரு வார்த்தை எழுதட்டும். திம்மப்பன் என்று ஒருவன் இருக்கிறான், ஜூஜுவாடியில்தான் இருக்கிறான் என்று யாராவது சொல்ல வேண்டும், முனிவேல். உன் வேலையாவது நல்லபடியாகக் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
இல்லாத நண்பன்
திம்மப்பன்

பின்குறிப்பு: ராகிக் காட்டில் இல்லை. கடை பெஞ்சில்தான் இருந்தேன். கான்ஸ்டபிள் முதலில் கேட்டது என்னைத்தான். காக்கிச் சட்டை என் பெயரைச் சொன்னதும் நாக்கு தானாக அத்திப்பள்ளி தாண்டிவிட்டது. மாமா நான் சொன்னதற்கு ஒத்து ஊதினார், அவ்வளவுதான். அந்தக் கான்ஸ்டபிளுக்கு என் முகம் தெரியும். ஸ்டேஷனுக்குள் எப்படிப் போவேன்?

மீசையும் அடுப்புக்கரிதான். அந்தக் கடை பெஞ்சிலேயே வேர்வையில் வழிந்துவிட்டது.