வெளியேறாத மருந்து

மார்ச் 3, செவ்வாய்

லிஃப்ட் ரிப்பேர் வேலைக்குப் போகவில்லை. ஆறாவது மாடியில் லிஃப்ட் நிற்கும்போது குலுங்குகிறதாம், சூப்பர்வைசர் போன் மேல் போன். குலுங்கட்டும். இங்கே என் மனைவியின் கை நேற்றிலிருந்து தானாக வெட்டி வெட்டி இழுக்கிறது. காலையில் டம்ளர் தண்ணீர் முழுவதும் என் மடியில். "குளிச்சாச்சா? அப்ப சாப்பிட உக்காருங்க" என்றாள். புற்று எலும்புக்குப் போன பிறகும் வாய்க்கு ஒரு குறைச்சலும் இல்லை.

வலியாகத்தான் இருக்கும். மார்ஃபின் திரவத்தை, வலி தாங்காவிட்டால் நடுவில் ஒரு தடவை கூடுதலாகக் கொடுக்கலாம் என்று வீட்டுக்கு வரும் நர்ஸ் சொல்லியிருக்கிறார். கொடுத்தேன். ஸ்பூனைச் சட்டையில் துடைத்ததற்குத் திட்டு விழுந்தது. முப்பது வருடமாக விழுகிற திட்டு.

மார்ச் 5, வியாழன்

உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை.

அவள் அண்ணன் வந்தார். "மாப்பிள்ளை, அது போதை மருந்து. அடிமையாயிடுவா. இன்னையோட நிறுத்துங்க."

"வலியில துடிக்கறா மச்சான். அடிமையாகறதுக்கு அவளுக்கு எங்க நேரம்?"

முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் செருப்பு மாட்டும்போதே நான் இன்னொரு ஸ்பூன் ஊற்றினேன். வலிக்காகவா, வீம்புக்காகவா?

ஒரே ஒரு ஆறுதல். பாத்ரூம் போக அடிக்கடி கூப்பிடுவதில்லை. காலையில் போனதோடு சரி. தூக்கித் தூக்கி என் இடுப்பு கழன்றிருந்தது. அப்பாடா.

மார்ச் 6, வெள்ளி

உதறல் காலுக்கும் வந்துவிட்டது. என் தொழிலில் குலுங்குகிற இடத்துக்கு கிரீஸ் போட்டால் அடங்கும். இது போடப் போடக் கூடுகிறது.

மார்ச் 7, சனி

போர்வை பட்டாலே கத்துகிறாள். கூடுதலாகக் கொடுத்தேன். மறுபடியும் கொடுத்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

என்னைத் தெரியவில்லை அவளுக்கு.

ஸ்பூனைத் தட்டிவிட்டாள். "யாருங்க நீங்க? வெளிய போங்க. விஷம் வைக்கறீங்க. என் வீட்டுக்காரர் வரட்டும், சொல்றேன்." நான்தாம்மா, நான்தான் உன் வீட்டுக்காரன் என்றேன். சுவரைப் பார்த்து, "அவர் வந்துடுவார்" என்றாள்.

போறதுன்னா போகட்டும். எத்தனையோ தடவை மனசைத் தயார் பண்ணிட்டேன். ஆனா இப்படியா? யாரோ ஒரு ஆளா என்னைப் பார்த்துட்டா போவா? கடவுளே, ஒரு தடவை என்னைத் தெரியட்டும். அப்புறம் எது வேணா நடக்கட்டும்.

மார்ச் 9, திங்கள்

நர்ஸ் வந்ததும் உதறலைப் பார்த்தார். வலியைப் பற்றிக் கேட்கவில்லை. "யூரின் நல்லா போறாங்களா?" என்றுதான் கேட்டார். காலையில் ஒரு தடவைதான் என்றேன். நேராக ஆஸ்பத்திரி.

ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு டாக்டரம்மா உட்கார வைத்துச் சொன்னார். "மார்ஃபின் அப்படியே இருக்காதுங்க. கல்லீரல் அதை வேற பொருளா மாத்தும். அதுல ஒண்ணு வலியை அடக்கும், தூக்கத்தைக் கொடுக்கும். இன்னொண்ணு வலியை அடக்காது, நரம்பைச் சீண்டிவிடும். ரெண்டையும் வெளியேத்த வேண்டியது சிறுநீரகம். இவங்களுக்கு அது தளர்ந்துபோச்சு. எல்லாம் உள்ளயே தேங்கிடுச்சு. அந்த உதறல், குழப்பம், தொட்டா வலிக்கறது, எல்லாம் அதனாலதான்."

"நான் கூட்டிக் கூட்டிக் குடுத்தேனே."

"வலின்னு நினைச்சுக் குடுத்தீங்க. ஒரேயடியா நிறுத்தியிருந்தாலும் வலியில தவிச்சிருப்பாங்க. இப்ப சிறுநீரகத்தை இந்த அளவு நம்பாத வேற மருந்துக்கு மாத்தறோம். டிரிப்ஸ் ஏத்தறோம். பார்க்கலாம்."

மச்சானும் தப்பு, நானும் தப்பு. விஷம் என்று சொன்னவள்தான் பாதி சரி. பாத்ரூமுக்குக் கூப்பிடவில்லை என்று அப்பாடா சொன்னேனே, என்னை எதால் அடிப்பது?

மார்ச் 10, செவ்வாய்

வராந்தாவில் நடக்கிறேன். வாட்ச்மேன், "உக்காருங்க சார், டைல்ஸ் தேஞ்சுடும்" என்கிறார். இன்னும் உதறுகிறாள். இன்னும் நான் யாரோதான்.

மார்ச் 12, வியாழன்

உதறல் அடங்கிவிட்டது. மதியம் கண்ணைத் திறந்து நேராக என்னைப் பார்த்தாள்.

"என்னங்க, எங்க போயிருந்தீங்க? யாரோ ஒரு ஆள் வந்து கசப்பு மருந்தா ஊத்திட்டே இருந்தான்."

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன்."

"நீங்களேவா?" என்று சிரித்தாள்.

மார்ச் 17, செவ்வாய்

வீட்டுக்கு வந்தாயிற்று. டாக்டரம்மா ஒளிக்கவில்லை. நோய் அதன் பாட்டுக்குப் போகும், வலியும் குழப்பமும் இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்றார்.

மனசு கேட்கவில்லை. "அந்த ஆள் நான்தான்" என்று சொல்லிவிட்டேன்.

"அப்புறந்தான் எனக்கும் புரிஞ்சுது. ஸ்பூனைச் சட்டையில துடைச்சான். உலகத்துல வேற யாரு அப்படிப் பண்ணுவா?"

ஏப்ரல் 6, திங்கள்

நர்ஸ் வந்து மிச்ச மருந்தையெல்லாம் எடுத்துக்கொண்டு போனார். நாளைக்கு வேலைக்கு வருகிறேன் என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன்.

ஸ்பூனைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். பழக்கத்தில் சட்டையில் துடைத்துவிட்டேன். யாரும் திட்டவில்லை.