உறைபனி உருகும் முன் திறந்த வயல்

அன்பு மகள் லினேயோவுக்கு அம்மா எழுதுவது. உடம்பில் நோவு ஒன்றும் இல்லாமல் இருக்கிறேன், நீயும் அந்த ஆப்பிள் தோட்டத்துக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று கடவுளைக் கேட்டுக்கொள்கிறேன். நலம் என்று முழுசாக எழுதக் கை வரவில்லை, அப்பா போய் மூன்று மாதம்தான் ஆகிறது. நீ அனுப்பிய போர்வை வந்தது, கறுப்புத் துணிக்கு மேலேயே போர்த்திக்கொள்கிறேன்.

நம் வயல் விஷயம் உனக்குக் காதில் விழுந்திருக்கும், பக்கத்து வயல் மாத்துமெலோ எல்லோருக்கும் போன் பண்ணுகிறாள். அவள் சொன்னதை நம்பாதே, நடந்ததை நான் சொல்கிறேன். போகிறதற்கு முன், பிப்ரவரியில், அப்பா மக்காச்சோளம் நிற்கும்போதே வரிசைகளுக்கு நடுவில் ஓட்ஸ், ரை, முள்ளங்கி, க்ளோவர் எல்லாவற்றையும் குளிர்காலத்து மாட்டுத் தீவனமாகக் கலந்து விதைத்துவிட்டார். போன வருஷமும் இப்படித்தான் செய்தார். அறுவடை முடிந்தால் எல்லோர் வயலிலும் எல்லோர் மாடும் மேயலாம் என்பது இங்கே வழக்கம் அல்லவா, அதனால் அப்போதே ஊர்த் தலைவியிடம் போய்ப் பேசி நம் வயலை மட்டும் மூடிவைக்கச் சம்மதம் வாங்கி, சுற்றிலும் கல் குவித்து அடையாளம் வைத்தார். மாத்துமெலோ புருஷன் வழியில் நின்று, “மாட்டுக்குக் கீரைத்தோட்டம் போடுறியே, பொண்டாட்டிக்கு என்ன, புல்லா போடப்போறே?” என்று கேட்டான். அப்பா சிரித்துக்கொண்டே, “அவ கேட்டா அதுவும் போடுவேன்” என்றார். போன வருஷம் ஜூலைக் குளிரில் ஊர் மாடெல்லாம் எலும்பும் தோலுமாக நின்றபோது நம் மூன்று மாடும் பால் கொடுத்தன. அது நிறையப் பேருக்குப் பொறுக்கவில்லை.

அப்பா அவிழ்த்துவிடுகிற முறை உனக்குத் தெரியாது. காலையில் மாட்டைப் பசியோடு விடமாட்டார். முதலில் காய்ந்த தட்டையைப் போட்டு வயிற்றை நிரப்புவார், உறைபனி உருகி இலை காய்கிறவரை காத்திருப்பார், அதற்குப் பிறகுதான் கயிறு கட்டி ஆறடி அகலம் திறப்பார். அப்படிக் குறுகலாக விட்டால்தான் மாடு எல்லா இலையையும் கலந்து தின்னும். மொத்தமாகத் திறந்தால் க்ளோவர் இருக்கிற இடமாகத் தேடிப் போய் அதையே தின்னும், வயிறு ஊதிவிடும், பனி ஈரத்தோடு தின்றால் இன்னும் மோசம். இதை உன் சித்தப்பா தெபேயிடம் நான் இரண்டு தடவை சொன்னேன். துக்கத் துணி கட்டியவள் வயலிலும் பட்டியிலும் கால் வைக்கக் கூடாது, அதனால் பாதையில் நின்று கத்திச் சொன்னேன். அவனோ, “மாட்டு விஷயம் எனக்குத் தெரியாதா அண்ணி, நீங்க போய் உக்காந்து அழுங்க” என்றான். கெட்டவன் இல்லை லினேயோ, அண்ணன் மாடு இளைத்துவிட்டது என்கிற அவசரம் அவனுக்கு. உடையவன் இல்லாத வயலுக்கு எதற்குக் காவல் என்று நாலு பேர் வேறு ஓதியிருக்கிறார்கள்.

போன மாதம் ஒருநாள் விடிந்ததும், வெள்ளையாகப் பனி கிடக்கும்போதே, ஒரேயடியாகத் திறந்துவிட்டான். பின்னாலேயே மாத்துமெலோவின் காளையும் நுழைந்துவிட்டது. எல்லாம் ஓடைப் பக்கம் க்ளோவர் அடர்ந்த இடத்துக்கே ஓடின. நான் பாதையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், சினையாக இருந்த நம் பசு நாலெடிக்கு இடது பக்கம் முரசுபோல எழும்பி, நாக்கைத் தள்ளிக் கீழே விழுந்துவிட்டாள். தெபே தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். நான் என்ன கட்டியிருக்கிறேன் என்பதே நினைவில் இல்லை, கல்லைத் தாண்டி ஓடி, அவன் இடுப்பிலிருந்த கத்தியைப் பிடுங்கி, அப்பா ஒரு தடவை செய்ததைப் பார்த்திருந்தேன், விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில் குத்தினேன். புஸ்ஸென்று காற்று போயிற்று. எழுந்து நின்றாள். காளையும் ஊதிக் கிடந்தது, அதனிடம் ஓடுவதற்குள் செத்துவிட்டது.

பத்து நாளில் நாலெடிக்குக் கன்று கலைந்துவிட்டது. அவ்வளவுதான், கறுப்புத் துணி வயலில் இறங்கியதால்தான் காளையும் செத்தது, கன்றும் போயிற்று என்று ஊர் பேச ஆரம்பித்தது. “புருஷன முழுங்கினது போதாதா இவளுக்கு” என்று மாத்துமெலோ என் காதுபடவே சொன்னாள். வியாழக்கிழமை தலைவி கூட்டம் வைத்தார். நான் ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தேன். தலைவி நேராகவே கேட்டார், “தெபே, நீ தொறக்கும்போது பனி உருகியிருந்துச்சா?” என்று. அவன் தொப்பியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஞாபகமில்லீங்க” என்றான். முடிந்தது. அடுத்த அறுவடையிலிருந்து நம் வயலும் எல்லோருக்கும் திறந்ததுதான், மாடுகள் தெபே பட்டியில் இருக்கட்டும், நவம்பரில் துணி கழற்றும்போது மூத்த பிள்ளை வந்தால் மறுபடி கேட்டுப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். திறந்த வயலில் பிப்ரவரியில் என்ன விதைத்து என்ன பயன், அறுவடை முடிந்த அன்றே ஊர் மாடு மேய்ந்து தீர்த்துவிடும்.

மறுநாள் காலையில் தெபே கல் குவியலுக்குப் பக்கத்தில் வந்து, பாதையில் நின்ற எனக்கு முதுகைக் காட்டி நின்றான். மலையைப் பார்த்தபடி, “அண்ணி, இன்னிக்கு எத்தனை அடி விடட்டும்?” என்றான். எனக்கு வாயைத் திறக்கவே மனசில்லை. ஆனால் நாலெடியின் விலா எலும்பை எண்ணலாம்போல இருந்தது. “தட்டை போட்டியா?” என்றேன். “போட்டுட்டேன்.” “அப்ப பனி உருகட்டும், ஆறடி விடு. நேத்து வராத ஞாபகம் இன்னிக்கு எப்படிடா வந்துச்சு?” என்று கேட்டேன். பனி உருகியதும் அவன் கயிறு கட்டியிருந்த முளைக்குச்சியைப் பிடுங்கி ஆறடி தள்ளி நட்டான். அதற்குப் பிறகு தினமும் வந்து கேட்கிறான், தினமும் சொல்கிறேன், மாடு என்ன பாவம் செய்தது.

ஆகையால் நவம்பரில் நீ வந்தே ஆக வேண்டும், மேஸ்திரியிடம் இப்போதே லீவு சொல்லி வை. கூட்டத்தில் சித்தப்பாவைத் திட்டாதே, மரியாதையாகவே பேசு. ஆனால் அவனை மலையைப் பார்த்து நிற்க விடாதே, உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வை. உன் முகம் அப்பா முகம்தான்.

கடவுள் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும், நல்ல மழையும் நல்ல தூக்கமும் உனக்குக் கிடைக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு.

உன் அம்மா,
மாலினேயோ