முன் இருக்கையில் மணல் மூட்டை

மைசூரு,
ஞாயிறு மாலை

அன்புள்ள மாமாவுக்கு,

முதுகுவலி குறைந்ததா? நான் நலம். இதைப் போனில் சொன்னால் பாதி கேட்டதுமே ராமாபுரத்தில் பஸ் ஏறிவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரி நர்சுகள் சார்பில் ஒரு போட்டிக்குப் போனேன். காட்டுப்பாதையில் ஓட்டம், ஏரியில் துடுப்புப் படகு, பிறகு மலைச்சரிவில் சைக்கிள். ஒற்றை ஆள் படகுகள் தீர்ந்துவிட்டதால் எனக்கு இருவர் படகு கிடைத்தது. "முன்னாடி வெயிட் இல்லேன்னா மூக்கு தூக்கிக்கும் சிஸ்டர்" என்று போட்டி நடத்திய மஞ்சுநாத் முன் இருக்கையில் ஒரு மணல் மூட்டையைக் கட்டிவைத்தார்.

அது போதவில்லை. நடு ஏரியில் காற்றடித்ததும் படகு வட்டமடித்தது. பக்கத்தில் யாருமில்லை. பயத்தில் மூட்டையை நீங்களாக நினைத்துப் பேச ஆரம்பித்தேன். வார்டு கதை, ஹாஸ்டல் வார்டன் கதை, எல்லாம் சொல்லி முடிப்பதற்குள் கரை வந்துவிட்டது. சைக்கிளில் முழங்கால் கொஞ்சம் சிராய்ந்தது, அவ்வளவுதான். கடைசிக்கு முந்தின ஆளாக முடித்தேன்.

டியூட்டிக்கு நேரமாகிறது. யாராவது இந்தப் பக்கம் வந்தால் ராகி மாவு கொடுத்தனுப்புங்கள். அப்படியே மாவு மில்லில் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி உங்கள் எடையைப் பார்த்து எழுதுங்கள் மாமா. நான் உங்களைப் பார்த்து ஐந்து மாதமாகிறது. அடுத்த வருஷம் முன் இருக்கையில் அந்த அளவுக்கே மணல் கட்டச் சொல்கிறேன்.

உங்கள்
கோகிலவாணி