வைக்கோலை எடுக்க மாட்டேன்

தங்கரத்தினம், உன் முழங்கால் நோ குறைந்ததா? நான் சுகம். எனக்காக எழுதுபவள் பண்ணைப் பிள்ளை பிரசாந்தி.

இந்தப் புத்தூர்ப் பண்ணையில் மாட்டுத்தீனிக் கொள்ளுக்கு விதை எடுக்கிறோம். ஈரம் காயாதிருக்க என் நாலு வரிசைக்கும் வைக்கோல் பரப்பினேன். மேற்பார்வையாளர் ஜெயரூபன் பாய்ந்து வந்தார்.

"கறையான் வரும், வைக்கோலை எடணை அப்பு!"

"எடுக்கமாட்டன் தம்பி."

"விதை முளைப்புக் குறைஞ்சால் நீ வீட்டை போகவேணும்."

"ஓம், போறன். கூடினால் நீர் முழுக் காணிக்கும் போடவேணும்."

மூத்தவள் பிறந்த வருஷம் மழை பொய்த்தும், வைக்கோல் போட்ட நம் துண்டில் மட்டும் கொள்ளு பருத்து விளைந்ததே, மறந்தாயா?

அறுவடையான விதையை ஈரச்சாக்கில் நூறு நூறாக முளைக்கப்போட்டு இன்று எண்ணினோம். வெறும்நிலத்து விதையில் அறுபத்தெட்டு, என்னுடையதில் தொண்ணூற்றுமூன்று. ஜெயரூபன் இரண்டு தரம் எண்ணினார்.

அடுத்த போகத்துக்கு முழுக் காணிக்கும் நான் வைக்கோல் பரப்பவேண்டும். இப்போது வரமாட்டேன் என்று மகளிடம் சொல். உன் பழைய சேலையொன்று அனுப்பு, இங்குள்ள போர்வை சொறிகிறது. பிரசாந்தியின் பஸ் வந்துவிட்டது.

உன் கந்தப்பு