ஐந்தாவது ஆள்

ஜூன் 4

பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். மருமகள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துவருகிறதாம். மருத்துவக் காப்பீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு மூன்று கம்பெனி ஏறி இறங்கினாள். "பழைய நோய், சேர்க்க முடியாது" என்று கைவிரித்துவிட்டார்கள். மூன்று பேர் முகமும் எனக்கு மறக்காது. என் மகன் போன பிறகு இந்தத் தையல்கடையை ஒற்றை ஆளாய் இழுக்கிறவள். அவளுக்கா இடமில்லை?

ஜூன் 9

காப்பீட்டு முகவர் வந்தார். புதுச் சட்டமாம். சின்னக் கடையானாலும் ஐந்து பேர் சேர்ந்தால் கம்பெனி அத்தனை பேரையும் எடுத்தே ஆக வேண்டும். நோயாளி என்று ஒருத்தரைக் கழிக்கக் கூடாது. அதே தெருவில் சொந்தத் தொழில் செய்கிறவர்களும் சேரலாம்.

நான் விடுவேனா? மருமகளின் நோய், எங்கள் கடையில் துணி வெட்டும் மாஸ்டரின் மூலவியாதி, தையல் பெண்ணின் இழுப்பு, என் முழங்கால் — எல்லாவற்றையும் வருடம் மாதத்தோடு ஒப்பித்தேன். அவர் காதைப் பொத்திக்கொண்டார். "பாட்டி, போதும்! நாங்க கேக்கவே கூடாதுன்னு சட்டம், நீங்களா ஏன் கொட்றீங்க?"

மாஸ்டர் அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆனால் நாங்கள் நாலு பேர்தானே.

ஜூன் 10

தெருவில் மற்றவர்கள் வேறு வேறு கூட்டத்தோடு சேர்ந்தாயிற்று. மிச்சம் பக்கத்துக் கடை இஸ்திரிக்காரி. அவளா? கல்யாணத்தன்று என் மருமகளைப் பார்த்து, "பொண்ணு நோஞ்சானா இருக்கே, தாங்குமா?" என்று அத்தனை பேர் நடுவில் கேட்டவள். அன்றோடு பேச்சு நின்றது. இன்றுவரை சேலையைக் கசங்கலாகத்தான் கட்டுகிறேன்.

ஜூன் 12

மாட்டேன்.

ஜூன் 13

மருமகளுக்குக் கால் வீங்கிவிட்டது. செருப்பு நுழையவில்லை. "ஒண்ணுமில்ல அத்தை" என்கிறாள். ஒன்றுமில்லையாம்!

போனேன். இஸ்திரிக்காரி பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"வழி தெரிஞ்சுதா?"

"எனக்காக வரல."

"தெரியும். முகவர் நேத்தே வந்தாரு. நீ வந்து கேட்டாத்தான்னு சொல்லி அனுப்பிட்டேன். அன்னைக்கு நான் சொன்னதை இன்னும் நெஞ்சுல வச்சிருக்கியா?"

"சாகற வரைக்கும்."

"வச்சுக்கோ. கையெழுத்து எங்க போடணும்?"

செப்டம்பர் 20

ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்புகிறார்கள். கம்பெனி முணுமுணுக்காமல் கட்டுகிறது. மருமகள் இன்று ஒரு ரவிக்கை தைத்து முடித்தாள். கையில் ஊசியோடு பார்த்துக்கொண்டே இருந்தேன். "ஊசி குத்திடும் அத்தை, கையைப் பாருங்க" என்று சிரித்தாள். குத்தித்தான் விட்டது.

ஜூன் 2

வருடம் திரும்பிவிட்டது. காப்பீட்டைப் புதுப்பிக்க வேண்டும். இப்போதும் ஐந்து பேர் இருந்தால்தான் நடக்கும். பார்த்து இன்றைக்கா இஸ்திரிக்காரியின் மகன் வண்டியோடு வந்து நிற்க வேண்டும்? அம்மாவை ஒரேயடியாகத் தன் ஊருக்குக் கூட்டிப்போகிறானாம்.

வாசலில் நின்றேன். இரு என்று சொல்ல எனக்கு என்ன பாத்தியதை?

"இந்தச் சூட்டுல எதுக்கும்மா கஷ்டப்படறே? அங்க வந்து சும்மா உக்காரு."

"போடா. நான் வந்துட்டா இவங்க நாலு பேராயிடுவாங்க."

அவன் புரியாமல் விழித்தான். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

சாயங்காலம் நீலச் சேலையை எடுத்துக்கொண்டு அவள் கடைக்குப் போனேன்.

"கரை சுருங்காம போடு."

"எனக்கே சொல்றியா?"

கல்யாணத்தில் கேட்டதை மன்னிக்கவில்லை. மடிப்பு மட்டும் நன்றாக விழுந்திருக்கிறது.