நடக்காததற்குச் சொன்ன சாட்சி

அக்கா,

இன்று காலை பட்டறையில் மோட்டார் காயிலை வார்னிஷில் முக்கி எடுத்தபோது நெடி மூக்கில் ஏறியது. "பரலோகத்துலயாவது இந்த நாத்தம் இல்லாம இருக்கோணும்" என்று நீங்கள் முகம் சுளிப்பது நினைவுக்கு வந்து, பக்கத்து மேசையைத் திரும்பிப் பார்த்துவிட்டேன். அங்கே வேறொருத்தி கம்பி சுற்றிக்கொண்டிருக்கிறாள். நல்ல பெண்தான். எனக்குத்தான் அவளைப் பார்த்தாலே எரிச்சல்.

நீங்கள் கண்மூடி நான்கு மாதம். பக்கவாதத்தில் விழுந்த என் வீட்டுக்காரர் மூன்று வருடமாகியும் இன்னும் பேசவில்லை. கையைக் காட்டுவார். தண்ணீரா என்பேன், ஃபேனா என்பேன். எதுவும் இல்லை என்று தலையாட்டுவார். பாதி நாள் இரண்டு பேரும் அழுதுதான் முடிகிறது. ஜெபிக்க உட்கார்ந்தால் ஒரு வார்த்தைகூட வருவதில்லை. முடியவில்லை அக்கா. நான்கு ஞாயிறாகச் சபைக்கும் போகவில்லை.

நீங்கள் செய்த காரியத்தை நினைத்தால் இன்று காலைவரை ஆத்திரம்தான் வந்தது. அந்த ஞாயிறு சபையில், சாட்சி சொல்ல யார் எழும்புகிறீர்கள் என்று போதகர் கேட்டதும் முதல் ஆளாக எழுந்தீர்கள். "இந்த அம்மணி ஊட்டுக்காரரு நேத்து வாயத் தொறந்து பேசிப்போட்டாருங்க" என்றீர்கள். சபையே கைதட்டியது. நான் மட்டும் தட்டவில்லை. ஆராதனை முடிந்து பத்துப் பேர் சிங்காநல்லூரில் எங்கள் வீட்டுக்கே வந்து, "ஒரு ஸ்தோத்திரம் சொல்லுங்கண்ணா" என்று அவரைச் சுற்றி நின்றார்கள். அவர் வாயை அசைத்து அசைத்துப் பார்த்தார். கடைசியில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"ஏனுங்க்கா இப்படிப் பண்ணுனீங்க?"

"விசுவாசத்துல முன்னாடியே சொல்லிப்போட்டேன் கண்ணு. சொன்னா நடந்துரும்னு நெனச்சேன்."

அடுத்த ஞாயிறே எல்லார் முன்னாலும் எழுந்து, "போன வாரம் நாஞ் சொன்னது பொய்யுங்க" என்றீர்கள். சிலர் சிரித்தார்கள். நான் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. நீங்களா விடுவீர்கள்? வாராவாரம் முழங்கால் வலியோடு எங்கள் வாசலில் வந்து நின்றீர்கள். "ஏனுங்க அம்மணி, கெளம்பலீங்களா? அவரு பேசுனாலும் போலாம், பேசாட்டியும் போலாம்." நான் வாயைத் திறக்காமல் பின்னால் வருவேன். பஸ்ஸில் தள்ளி உட்காருவேன். நாளாக ஆகப் பேச்சு வந்தது, சிரிப்பும் வந்தது. மன்னிப்பு மட்டும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசியாக, "எம்மேல இன்னும் கோவமா கண்ணு?" என்று கேட்டீர்கள். "அதெல்லாம் இல்லீங்க்கா" என்று ஜன்னலைப் பார்த்தபடி சொன்னேன். இரண்டாம் நாள் போய்விட்டீர்கள்.

இன்று மத்தியானம் உங்கள் மேசைக்காரிக்குப் போன் வந்தது. குழந்தைக்கு ஜன்னி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க ஜெபம் பண்றவங்கதானுங்க? எங்கொழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுங்க்கா."

ஒண்ணும் ஆகாது, ஆண்டவர் சொல்லிவிட்டார் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆண்டவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு என் முகத்தையும் நீங்கள் இப்படித்தான் பார்த்திருக்கிறீர்கள். இது புரிய எனக்கு இத்தனை நாளாகியிருக்கிறது.

"தெரியலீங்க கண்ணு. நானும் கூட வாரேன்" என்றேன்.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் இருக்கிறோம். டாக்டர் இன்னும் வரவில்லை. எனக்கு ஜெபமும் வரவில்லை. அவள் என் கையை விடமாட்டேன் என்கிறாள். மறு கையால்தான் போனில் இதைத் தட்டுகிறேன். எழுந்து போகவும் தெரியாமல், நம்பவும் தெரியாமல், உங்களைப் போலப் பக்கத்தில் உட்கார மட்டும் தெரிந்திருக்கிறது.

உங்கள் மேல் கோபம் இல்லை அக்கா. அன்று ஆஸ்பத்திரியில் நான் சொன்னது பொய். இன்று சொல்வது நிஜம்.