கறுப்பு நூல் கைக்குட்டை

பிரபவ வருஷம், ஆவணி 6. ஆம்பூர்.

நூல்கூடையோடு அக்தர் பானு வீட்டுக்குப் போனேன். கல்யாணக் களை. மகள் அஃப்ஸர் ஜஹானுக்குத் தோல் மண்டி ஜியாவுல்லா சாயபு மாப்பிள்ளையாம். அவர் வீட்டில் ஏற்கெனவே ஒரு பெண்சாதி, நரைத்த தாடியில் மருதாணி. "மாப்ளைக்கு இப்பவே மருதாணி வெச்சுட்டாங்களா?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. பெண் மட்டும் என் கையைப் பிடித்து, "எனக்கு வேணாம் ராஜம்மாக்கா. சொன்னா யாரும் கேக்கல" என்றாள். நூல் விற்கிறவள் நான் என்ன செய்ய?

ஆவணி 11

கறுப்பு நூல் வாங்கினாள்.

"கல்யாணக் கைக்குட்டைக்குக் கறுப்பா? இன்னாடி இது?"

"வெள்ளைத் துணியில நல்லா தெரியும்க்கா."

அங்கேயே கொடி கொடியாய்த் தைக்க ஆரம்பித்தாள். "பூவே இல்லியே?"

"கல்யாண வெள்ளிக்கிழமை பூக்கும்."

அம்மா வரும் சத்தம். சட்டென்று தலையணைக்கடியில் செருகினாள். ஏதோ இருக்கிறது. அம்மாவிடம் போட்டுக்கொடுக்காமல் ஊசி விலை பேசினேன். நானா இது?

ஆவணி 24, வெள்ளி

இன்று அஃப்ஸர் கல்யாணம்.

இவர்கள் வழக்கத்தில் பெண் திரைக்குள் இருப்பாள். அவளுக்காகப் பேச வக்கீல் என்று ஒருவர் வெளியே நின்று சம்மதம் கேட்பார். இன்று கேட்டது தாய்மாமன் ஆபித் பாஷா. பெண் பதில் சொல்ல வாய் திறந்தாள். பெரியம்மா துப்பட்டாவால் அவள் வாயைப் பொத்தி, "ஹாம், சரின்னுட்டா" என்று தானே குரல் கொடுத்தாள்.

அஃப்ஸர் அழவில்லை. கைக்குட்டையைத் திரைக்கடியில் தள்ளினாள்.

வெளியே அதை எடுத்து விரித்தார்கள். அப்புறம் மாமன் குரல் மெதுவாக: "மன்ஸூர் நஹீன்னு தெச்சிருக்கா. சம்மதமில்லையாம்."

நிக்காஹ் நடத்த வந்த காஜியார் வாங்கிப் பார்த்தார். "பொண்ணு கையாலயே சொல்லிட்டா. நிக்காஹ் இல்ல." எழுந்தேவிட்டார். தேக்ஸா தேக்ஸாவாய் பிரியாணி ஆறிப்போனது.

அந்தக் கொடி அத்தனையும் உருது எழுத்து! நான் பூத் தேடியிருக்கிறேன். என் கூடையில் கிடந்த நூல்தானே? அதற்கு இவ்வளவு பெரிய குரலா — அம்மாடி.

ஆவணி 25

இன்று யாரையும் கேலி செய்யவில்லை. உடம்புக்கு இன்னான்னு கேட்கிறார்கள்.

ஐப்பசி 9

அக்தர் பானு இன்னும் மகளோடு பேசுவதில்லை. ஆனால் கைக்குட்டையை எரிக்கவும் இல்லை. துவைத்து, மடித்து, பெட்டியில் வைத்திருக்கிறாள். கேட்டால், "தையல் சுத்தமா இருக்கு, அதான்" என்கிறாள்.

தை 12

அடுத்த தெருவில் சம்பந்தப் பேச்சு. அங்கேயும் வக்கீலான ஆபித் பாஷா நாள் குறிக்கும் முன்பே திரையோரம் வந்து பெண்ணையே கேட்டாராம். அவளும் தன் வாயாலேயே சரி என்றாளாம். நான் அந்த வீட்டுக்குப் போனதும் அவள் அம்மா என் கூடையைக் கிளறினாள்.

"ஏ ராஜம்மா, எம்பொண்ணுக்குக் கறுப்பு நூல் எதுனா வித்தியா?"

"எங்கேம்மா இருக்குது? ஊர்ப் பொண்ணுங்க வாங்கியே தீத்துட்டாங்க. வேலூர்லேர்ந்து வரணும்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை.